பத்துத் தொடர்கள்

அப்புத்தளைக்குக் கீழே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்கு விலாசம் கிடையாது, பிள்ளைகளே. யாருக்குக் கடிதம் வந்தாலும் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். பெரிய கிளாக்கர் அதன்மேல் தேதி முத்திரை குத்தி வைத்திருந்து, காலையில் பெரட்டில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும்போது பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, கொழுந்து பறிக்கிற விஜயலெட்சுமி ஆங்கில உதவி ஆசிரியர் பரீட்சைக்கு விண்ணப்பித்திருந்தாள். அனுமதிக் கடிதம் வந்தால் பதுளைக்குப் போய் எழுதலாம். தேறிவிட்டால் கூடையை இறக்கி வைத்துவிடலாம். பெரிய கிளாக்கர் சிவஞானத்தின் மகள் மயூரியும் அதே பரீட்சைக்கு விண்ணப்பித்திருந்தாள். அவளுக்கு எல்லாம் வரும். சொற்றொடர்களை இனம் பிரிப்பது மட்டும் வராது.

"பிள்ளை, பின்னேரத்திலை வந்து இவளுக்குச் சொல்லிக் குடன்" என்றார் சிவஞானம்.

மலையிலிருந்து இறங்கி, கைகால் கழுவிக்கொண்டு, விஜயலெட்சுமி தினமும் போனாள். அடுப்படிக் குசினியில் வாங்குப் பலகையில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள்.

"'த உமன் வித் த பாஸ்கெட்'. எந்தப் பொம்பள? கூடையோட நிக்கிறவ. பொம்பளையப் பத்திச் சொல்லுது, அதனால பெயரடைத் தொடர். 'ஷீ ஃபெல் நியர் த ஃபேக்டரி'. எங்க விழுந்தா? ஃபேக்டரிக்கிட்ட. விழுந்ததப் பத்திச் சொல்லுது, அது வினையடைத் தொடர். தொடரையே மொறச்சிப் பாத்துக்கிட்டு இருக்காதீங்க. அது யாருக்கு வேல செய்யிதுன்னு பாருங்க."

மயூரி சிரித்தாள். "எங்கட ரியூசன் சேர் மூண்டு மாசமா இப்பிடிச் சொல்லேல்லை."

திரும்பும்போது விஜயலெட்சுமி கேட்பாள்: "ஐயா, எனக்குக் கடுதாசி வந்திருச்சுங்களா?"

"வந்தால் தராமல் நானென்ன சாப்பிடப் போறனே?"

மயூரிக்கு வந்துவிட்டிருந்தது. அதைப் பார்த்தும் அவள் சந்தேகப்படவில்லை. லயத்துக்கு வருகிற எதுவும் பிந்தித்தான் வரும் என்று பழகிப் போனவள்.

சனிக்கிழமை மயூரி தகப்பனோடு பதுளைக்கு பஸ் ஏறினாள். திங்கட்கிழமை பெரட்டில் சிவஞானம் விஜயலெட்சுமியைக் கூப்பிட்டு ஓர் உறையை நீட்டினார். பிரித்தாள். பரீட்சை முந்தாநாளே முடிந்திருந்தது. உறையைத் திருப்பினாள். ஆபீஸ் முத்திரையில் மூன்று வாரத்துக்கு முந்திய தேதி.

"ஐயா, இது அன்னைக்கே வந்திருக்குங்களே."

"வேலைக் கரைச்சலிலை மறந்து போச்சு, பிள்ளை. அடுத்த முறை எழுதன்."

"டீச்சரம்மாவுக்கு இன்னைக்கு எந்த மலைங்க?" என்றான் கங்காணி மாடசாமி. நாலைந்து பேர் சிரித்தார்கள்.

தாய் ரெங்கம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "வாயத் தொறக்காத. நமக்குப் பேரு போட மாட்டாங்க."

பெயர் போடாவிட்டால் அன்றைக்கு இருவருக்கும் சம்பளம் இல்லை. விஜயலெட்சுமி மலைக்குப் போனாள்.

பின்னேரம் உறையோடு கிளாக்கர் வீட்டுக்குப் போனாள். மயூரி தன் விடைகளைக் குறித்து வைத்திருந்த கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"பத்துத் தொடர் வந்தது. பத்தும் சரி. நீங்கள் சொன்ன மாதிரியே யோசிச்சுப் பாத்தன்."

என்னத்தைச் சொல்ல, விஜயலெட்சுமிக்கு ஒரு கணம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷம்தான் அவளை அறுத்தது. உறையை மேசைமேல் வைத்தாள். மயூரி தேதியைப் பார்த்தாள். உள்ளே ரேடியோ கேட்டுக்கொண்டிருந்த தகப்பனைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நேர்முகப் பரீட்சைக்கும் சொல்லித் தருவியளோ?" என்றாள்.

விஜயலெட்சுமி கேள்வித்தாளை வாங்கி, நின்றபடியே பத்தையும் வாசித்தாள்.

"ஏழாவது தப்புங்க" என்றாள். "நான் எழுதியிருந்தா பத்தும் சரியா இருந்திருக்கும்."

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள். உள்ளே ரேடியோவின் சத்தம் கூடியது.