கொம்புத் தூணில் ஒரு சத்தம்

மூடுபனி ஏரியை விழுங்கிவிட்டது. யாக் எருதின் முதுகில் உட்கார்ந்திருந்த எனக்கு அதன் கொம்பு நுனிகூடத் தெரியவில்லை. மடியில் என் ஒரு வயது மகன் தைலாக். பின்னால் எங்கேயோ எங்களைத் தேடும் எல்லைக் காவல் படை. முன்னால் எங்கேயோ தூண்.

ஜார் மன்னர் காலத்தில் இரண்டு ராஜ்யத்து அதிகாரிகள் வந்து நட்டுவிட்டுப் போன எல்லைத் தூண் அது. போகிற வருகிற எங்கள் ஆட்கள் காட்டு ஆட்டுக் கொம்புகளை அதைச் சுற்றிக் குவித்து, கொம்புத் தூண் என்றே பெயர் ஆகிவிட்டது. தாண்டினால் ஆப்கன் பக்கம். அந்தப் பக்கம் நோக்கிக் காவல் படை சுடுவதில்லை. இதுவரை சுட்டதில்லை.

மந்தையை அரசாங்கக் கூட்டுப் பண்ணைக்குக் கொடுக்காமல் ஓட்டிக்கொண்டு என் புருஷன் ஏற்கெனவே தாண்டிவிட்டார். இப்போது நானும் பிள்ளையும் அகப்பட்டால் எங்களைக் காட்டி அவரைத் திரும்ப இழுப்பார்கள். அதற்குப் பிறகு அவர் உயிரோடு இருக்கப் போவதில்லை.

"இங்கயே நில்லு, பொண்ணே," என்று மூக்கணாங்கயிற்றை என் கையில் கொடுத்தார் அவருடைய அண்ணன். "நான் போய்த் தூணைத் தேடறேன். கிடைச்சதும் கல்லால தட்டுறேன். சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டு வந்துடு."

"ஓநாய் இருக்கும், பார்த்துப் போங்க மூத்தவரே."

"ஆமா, அது என்மேல பாயறப்பகூட நீ மூத்தவரே, மூத்தவரேன்னுதான் கத்துவ. எந்த மூத்தவர்னு தெரியாம ஓநாயே குழம்பிடும்."

எங்களில் வீட்டுக்கு வந்த பெண், புருஷனின் மூத்தவர்கள் பெயரை வாயில் எடுக்க மாட்டாள். எடுத்தால் இரண்டு குடும்பத்துக்கும் தலைகுனிவு. கேலி பேசுவார்களே தவிர, எடு என்று எந்த மூத்தவரும் சொன்னதில்லை.

அவர் பனிக்குள் போய் மறைந்தார். காலடிச் சத்தமும் மறைந்தது.

காத்திருந்தேன். தைலாக் சிணுங்கினான். மார்பில் அணைத்துக்கொண்டேன்.

டக்.

வலப்பக்கம். கல்லில் கல் படும் சத்தம். நிம்மதியாக மூச்சு விட்டேன். யாக்கைத் திருப்பினேன்.

டக்.

இடப்பக்கம்.

தூண் ஒன்றுதான். அப்படியானால் இன்னொரு பக்கம் தட்டுவது யார்?

"சோனுன்!" என் பெயரைச் சொல்லி இடப்பக்கமிருந்து குரல் வந்தது. "இங்க வா. தூண் கிடைச்சிருச்சு."

அவர் குரல்தான். சந்தேகமே இல்லை. குளிரில் கரகரத்தாலும் அந்தக் குரல் எனக்குத் தெரியாதா? யாக்கை இடப்பக்கம் ஓட்டினேன். சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்தது.

"எங்க இருக்க? என் பேரைச் சொல்லிக் கூப்பிடு, பொண்ணே. 'எசென்'னு நல்லா சத்தமா கூப்பிடு. வந்து கூட்டிட்டுப் போறேன்."

கயிற்றைச் சுண்டி இழுத்தேன். யாக் நின்றது.

வேடிக்கைக்குக்கூட அவர் அப்படிச் சொல்ல மாட்டார். அதற்குப் பதில் தன் நாக்கை அறுத்துப் போட்டாலும் போடுவார். சொல்கிறார் என்றால் பக்கத்தில் யாரோ நிற்கிறார்கள். எங்கள் வழக்கம் தெரியாத, தூரத்து ஊர்க்காரர்கள். துப்பாக்கி அவர் முதுகில் இருக்கிறது. அவர்களுக்குக் கேட்கும்படி என்னைக் கூப்பிட்டு, எனக்கு மட்டும் புரியும்படி வராதே என்கிறார்.

சத்தம் போடாமல் யாக்கைத் திருப்பினேன். வலப்பக்கம் தட்டுவதும் அவர்கள் ஆளாக இருந்தால்? இருக்கட்டும். வேறு திசை இல்லை.

யாக் உறுமியது. அதன் கழுத்தை அழுத்திப் பிடித்தேன். பின்னால் குரல் இன்னும் உயர்ந்தது.

"வெக்கப்படாம கூப்பிடு. 'எசென்'னு சொன்னா வாய் வெந்தா போயிடும்?"

பிறகு தொப்பென்று ஓர் அடி. ஒரு முனகல். அந்நிய பாஷையில் யாரோ திட்டினார்கள். குதிரைகள் அசைந்தன.

தைலாக் அழ வாயைத் திறந்தான். மார்போடு வைத்து அழுத்தினேன். மூச்சு முட்டுமோ என்ற பயம் ஒரு பக்கம், அழுதுவிடுவானோ என்ற பயம் ஒரு பக்கம்.

பனிக்குள்ளிருந்து கொம்புகள் முளைத்தன. வளைந்து வளைந்து, குவியலாக. நடுவில் கல் தூண். அதன் அருகே கையில் கல்லோடு ஓர் ஆள். தோளில் துப்பாக்கி.

கண்ணை மூடிக்கொண்டேன்.

"இறங்காத, அப்படியே வா," என்றான் அந்த ஆள். என் புருஷன்.

யாக்கின் கயிற்றைப் பிடித்து இழுத்துத் தூணைத் தாண்டி வைத்தார். "மந்தையோட அங்க உட்கார்ந்திருக்க முடியல. பனியில நீங்க தடுமாறுவீங்கன்னு வந்து தட்டிக்கிட்டு இருந்தேன்."

தைலாக்கின் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தேன்.

"அண்ணன் குரல் கேட்டுச்சு," என்றார். "பேரைச் சொல்லச் சொன்னானே."

"கேட்டீங்களா?"

"கேட்டேன்."

அதற்கு மேல் விளக்க எதுவும் இல்லை. அவர் கல்லைக் கீழே போட்டார். துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"அவன் என் அண்ணன்டி."

"எத்தனை பேர்னு தெரியுமா?" அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"விடு என்னை."

விடவில்லை. தைலாக்கை மார்பிலிருந்து பிய்த்து அவர் கையில் திணித்தேன். விழுந்துவிடாமல் இருக்க அவர் இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. துப்பாக்கி கொம்புகளுக்கு நடுவே சரிந்து விழுந்தது. பிள்ளை வீறிட்டான்.

பனிக்கு அப்பால் எல்லாச் சத்தமும் நின்றது. அவர்களுக்குக் கேட்டுவிட்டது. குண்டு வரும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் பிள்ளையின் தலையைக் கையால் மூடினார்.

குண்டு வரவில்லை. இருமலோ சிரிப்போ, மூத்தவரின் குரல் ஒரே ஒரு தடவை கேட்டது. பிறகு குளம்படிகள் அவரையும் கொண்டு வடக்கே, அவர்கள் பக்கமே திரும்பின.

என் புருஷன் தைலாக்கைக் கையிலிருந்து இறக்கிவிடவே இல்லை.