பாலேஸ்வரி நீட்டிய பிலாவிலை

சீ என்று சொல்லித்தான் இந்தக் கதையைத் தொடங்க வேண்டியிருக்கிறது. அறுபத்து நாலாம் ஆண்டு ஆடி மாதம் எங்கள் பள்ளிக்கூடத்தில் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஓங்காளம் வருகிறது. பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஊரின் பெயரும் வேண்டாம். உடுவிலில் இருந்து பஸ் ஏறிப் போய் அங்கே எழுத்துத் தொடங்குகிற அரிவரி வகுப்புக்குப் படிப்பித்தேன். அவ்வளவு போதும்.

தலைமை ஆசிரியர் ஆழ்வாப்பிள்ளைக்குத் தெரிந்த படிப்பித்தல் ஒன்றுதான். பிள்ளைகள் ஆனா ஆவன்னா என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். அவர் யன்னலால் வெற்றிலைத் துப்பலைப் பீச்சிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். நான் ஆசிரிய கலாசாலையில் வேறு விதமாகப் படித்து வந்தவள். யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஒரு படப் புத்தகம் வாங்கினேன். ஓர் அணில் கூழ் காய்ச்சுகிற கதை. கிளி பயறு கொண்டு வரும், எலி தேங்காயை உருட்டி வரும், முயல் அரிசி மா மூட்டையைச் சுமந்து வரும், கடைசியில் எல்லாம் சேர்ந்து குடிக்கும். பக்கத்துக்கு ஒரு படம், கீழே பெரிய எழுத்தில் ஒரு சொல். அந்த ஒரு புத்தகத்தை வைத்தே ஆனி ஆடி முழுக்க வகுப்பு நடத்தினேன். நனைத்த மணலில் விரலால் 'ப' எழுதினோம். களிமண்ணை உருட்டி 'மா' செய்தோம். சோக்கால் தரையில் கீறிய எழுத்தின் மேல் புளியங்கொட்டை அடுக்கினோம்.

"ரீச்சர், இது பள்ளிக்கூடமோ சமைக்கிற குசினியோ?" என்று ஒரு நாள் ஆழ்வாப்பிள்ளை கேட்டார்.

"குசினியிலை ஆரும் துப்பிறேல்லை, சேர்," என்றேன். எனக்கு அந்தக் காலத்தில் வாய் காது வரைக்கும்.

பாலேஸ்வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பனை ஏறுகிற தம்பிராசாவின் மகள். அரிவரியில் அவளுக்கு அது இரண்டாம் வருடம். முதல் வருடம் அவளைப் பாயிலும் விடாமல் சுவரோரத் தரையில் இருத்தி வைத்திருந்தார்கள். எனக்கு முன் இருந்த ரீச்சர் அவளின் சிலேட்டைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லையாம். தொடாமல் எழுத்துப் படிப்பிக்கலாம் என்று நினைத்த அந்த மனுசியை எதில் சேர்ப்பது! நான் போன முதல் நாளே பாலேஸ்வரியை நடுப்பாயில் இருத்தினேன். அதற்காக என்னை நானே மெச்சிக்கொண்டும் திரிந்தேன், மறைப்பானேன்.

ஆனிக் கடைசியில் அவளின் தாய் நல்லம்மா வந்தாள். உள்ளே வா என்று இரண்டு தரம் கூப்பிட்டும் வரவில்லை. வாசல் படலைக்கு வெளியே நின்றபடியே கதைத்தாள்.

"குறை நினையாதேங்கோ ரீச்சர். கைக்குழந்தையைப் பாக்க வீட்டிலை ஆளில்லை. நான் பனங்கட்டி காய்ச்சிறதோ, பிள்ளையைத் தூக்கி வைச்சிருக்கிறதோ? உவளும் ரண்டு வரியமா வாறாள். ஒரு சொல்லு வாசிக்கத் தெரியேல்லை. பள்ளிக்கூடத்தாலை மறிக்கப் போறன்."

"கொஞ்ச நாள் பொறு, நல்லம்மா. ஆடிக்கூழ் காய்ச்சிற அண்டைக்கு உன்ரை மகள் ஒரு சொல்லு வாசிப்பாள். நீயே வந்து கேள்."

"வாசிச்சால் விடுறன். வாசிக்காட்டில் அண்டைக்கே கூட்டிக்கொண்டு போடுவன்."

அதற்குப் பிறகு எனக்கு வேறு யோசனையே இல்லை. அவளுக்கென்று ஒரு சொல்லைத் தெரிந்தெடுத்தேன். பனங்கட்டி. வீட்டில் விடிந்தால் பொழுதுபட்டால் அவள் காண்கிற கருப்பட்டி. அவளின் சின்னக் கையைப் பிடித்து மணலில் எழுதுவித்தேன். களிமண்ணில் ஆறெழுத்தையும் செய்து வெயிலில் காயவிட்டு, குலைத்துப் போட்டு, திரும்ப அடுக்கச் சொன்னேன். 'ங்' மட்டும் எங்கேயாவது போய் நின்றுவிடும். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு அதைத் தேடி எடுத்து வந்து வைப்பாள்.

ஆடிப்பிறப்பு விடுமுறை கழிந்து பள்ளிக்கூடம் தொடங்கியதும், ஒரு நாள் பின்னேரப் பாடத்துக்குக் கூழ் என்று சொல்லி வைத்தேன். வேப்ப மரத்தின் கீழ் மூன்று கல் வைத்துப் பானை ஏற்றினேன். புத்தகத்தில் வருகிற மாதிரியே பிள்ளைகள் ஆளுக்கொரு சாமான் கொண்டு வர வேண்டும். சாமானோடு ஒரு கடதாசித் துண்டு. துண்டில் அதன் பெயர். பெயரை உரத்து வாசித்துவிட்டுச் சாமானைப் பானைக்குள் போட வேண்டும். பார்க்கிறதற்குத் தாய் தகப்பன்மாரும் வந்திருந்தார்கள். முன்னுக்குக் கதிரையில் பெற்றார் சங்கத் தலைவர் கதிரவேலு, பக்கத்தில் அவரின் பெண்சாதி குணலட்சுமி. நல்லம்மா வழக்கம்போலப் படலைக்கு வெளியே.

கதிரவேலுவின் மகன் "பயறு" என்று வாசித்துப் போட்டான். எல்லாரும் கை தட்டினார்கள். தேங்காய், மா, மிளகு, சீரகம். பிறகு பாலேஸ்வரி எழும்பினாள். ஒரு கையில் பனையோலைக் குட்டானில் பனங்கட்டி, மற்றக் கையில் துண்டு.

"ப... ன... ங்... க... பனங்கட்டி!"

படலைப் பக்கம் பார்த்தேன். நல்லம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்புவதற்குள் பாலேஸ்வரி குட்டானைப் பிரித்து, பனங்கட்டியை எடுத்து, மற்றப் பிள்ளைகளைப் போலவே பானைக்குள் போட்டாள்.

"ஐயோ! கையாலை போட்டிட்டாள்!" குணலட்சுமி கத்தின கத்தலில் வேப்பமரத்துக் காகம் எழும்பிப் பறந்தது.

கதிரவேலு கதிரையை உதைத்துத் தள்ளிக்கொண்டு எழும்பினார். "ஆர் ரீச்சர் உந்த எளிய சாதியைப் பானைக்குக் கிட்ட விட்டது? எங்கடை பிள்ளையள் குடிக்கிற பானை!"

"உங்கடை வீட்டு ஆடிக்கூழுக்குப் பனங்கட்டி எங்கை வாங்கினனீங்கள்?" என்று கேட்டேன்.

"நல்லம்மாவிட்டைத்தான். அதுக்கென்ன?"

"அதைக் காய்ச்சினது ஆற்றை கை?"

"அது விலைக்கு வாங்கிற சாமான். வாங்கிக் கொண்டுவந்து நாங்கள் எங்கடை கையாலை போடுறம். கொதிக்கிற பானைக்குள்ளை அதுகள் கை நீட்டிறது வேறை. உங்களுக்கு இது தெரியாதோ? நீங்களும் நல்ல குடும்பத்துப் பிள்ளை எல்லோ?"

இந்த அரியண்டம் பிடித்த நியாயத்தை எந்தக் கலாசாலையிலும் படிப்பிப்பதில்லை. எழுத்துத் தெரியாத பிள்ளைக்கும் எங்கள் ஊரில் இது மட்டும் தெரியும். கதிரவேலு தன் மகன் கூழ் குடிக்கக் கையில் வைத்திருந்த பிலாவிலையைப் பறித்துக் காலால் மிதித்தார். அடுப்படியில் காறித் துப்பினார். ஈர்க்குக் குத்தி மடித்து வைத்திருந்த முப்பது இலையும் ஆட்களின் காலுக்குள் போயிற்று. பிள்ளைகள் கூழ் வேணும், கூழ் வேணும் என்று குழற, ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போனார்கள்.

"பானையைக் கவிழ்த்துவிடுங்கோ ரீச்சர், எங்களுக்கேன் வில்லங்கம்," என்றார் ஆழ்வாப்பிள்ளை.

"கவிழ்க்கேலாது! வேணுமெண்டால் நீங்கள் வந்து கவிழ்த்துப் பாருங்கோ!" என்று அகப்பையைத் தூக்கிக் காட்டினேன். மனுசன் தன் கந்தோர் அறைக்குள் போய்விட்டார்.

முப்பது பிள்ளைகளில் ஒன்று மிஞ்சியது. பாலேஸ்வரி நடந்தது ஒன்றும் விளங்காமல், துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் படலைப் பக்கம் போனேன். நல்லம்மாவின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"அதை விடுங்கோ ரீச்சர். உவையள் இப்பிடித்தான், எங்களுக்குப் பழக்கம்," என்றாள் அவள். "பிள்ளை வாசிச்சிட்டாள். நான் கேட்டனான். நீங்கள் இருக்கிறியள் எல்லோ? நாளைக்கும் விடுறன்."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஊரே துப்பினாலும் நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

திரும்பிப் பார்த்தால் பாலேஸ்வரி புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். அணில் கிளிக்குக் கூழ் வார்த்துக் கொடுக்கிற படம். அதன் கீழே இருந்த சொல்லை நான் அவளுக்குப் படிப்பிக்கவில்லை. "கூ... ழ். கூழ்!" என்று தானாகவே வாசித்தாள். பிறகு மிதிபடாமல் கிடந்த ஓர் இலையைத் தேடி எடுத்து, கூழை அள்ளி வார்த்து, சிந்தாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு என்னிடம் வந்தாள். அவளின் பெருவிரல் கூழுக்குள் தோய்ந்திருந்தது.

"குடியுங்கோ, ரீச்சர்."

இலையை வாங்க நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். கூழில் ஒரு குற்றமும் இல்லை, நானே காய்ச்சிய கூழ். அந்தக் கையைப் பிடித்து எழுதுவித்தவளும் நானே. பிடிக்கலாம், எழுதலாம், கழுவிவிடலாம், வாய்க்குள் போகாது. கதிரவேலுவுக்கு வந்த அதே அருவருப்பு, அதே அருக்குளிப்பு எனக்கும் வந்தது, மயிரிழை குறையாமல்.

"எனக்கு இண்டைக்கு விரதம், பிள்ளை," என்றேன். "நீ குடி."

பாலேஸ்வரி என்னை அண்ணாந்து பார்த்தாள். "இன்டர்வலுக்கு வடை சாப்பிட்டனீங்கள் எல்லோ, ரீச்சர்?"

"வாயைப் பொத்து, பிள்ளை," என்றது படலைப் பக்கக் குரல். "ரீச்சருக்கு விரதமாம்."

நல்லம்மா படலையைத் திறந்து உள்ளே வந்தாள். அந்தப் பள்ளிக்கூட வளவுக்குள் அவள் கால் வைத்ததை அன்றுதான் கண்டேன். மகளின் கையிலிருந்த இலையை வாங்கி, நின்ற நிலையில் முழுவதையும் தானே குடித்தாள். நல்ல ருசி என்றாள். இலையை அடுப்பில் போட்டாள்.

"ஒரு சொல்லெண்டு சொன்னனீங்கள், ரீச்சர். ரண்டு சொல்லு வாசிச்சிட்டாள். காணும், இனி விடமாட்டன்."

மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஆளில்லாத இடத்திலாவது ஒரு வாய் குடிப்போம் என்று அகப்பையை எடுத்தேன். முடியவில்லை. கவிழ்க்கேலாது என்று நாயாய்ச் சண்டை பிடித்த பானையை நானே வேப்பமரத்தடியில் கவிழ்த்தேன்.

அடுத்த நாள் விடிய பஸ்ஸால் இறங்கி, நல்லம்மா வீட்டுக்குப் போகிற ஒழுங்கையின் முகப்பு வரைக்கும் போனேன். போய்க் கூப்பிட்டால் அவள் ஒருவேளை அனுப்பக்கூடும். ஆனால் வீட்டுக்குப் போனால் தேத்தண்ணி தருவாளே என்று பயம் வந்தது. தூ! ஒரு பிள்ளையின் படிப்பை ஒரு பேணித் தேத்தண்ணிக்குப் பயந்து விட்டுவிட்டுத் திரும்பி நடந்தேன்.

பள்ளிக்கூடப் படலையில் கதிரவேலு மகனோடு நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. "ஆழ்வாப்பிள்ளையர் எல்லாம் சொன்னவர், ரீச்சர். யன்னலாலை பாத்தவராம். நீங்களும் குடிக்கேல்லையாம். நான் அப்பவே என்ரை மனுசிக்குச் சொன்னனான், ஞானாம்பிகை ரீச்சர் வாயாலை கதைச்சாலும் எங்கடை ஆள்தான் எண்டு. இந்தாங்கோ, பிள்ளையைப் பிடியுங்கோ."

அவரின் மகனைக் கையில் பிடித்து வகுப்புக்குள் கூட்டிக்கொண்டு போனேன்.