அருமை, தொடருங்கள்

வசந்தாமணி செவ்வாய்க்கிழமை இறந்தாள். புதன்கிழமையிலிருந்து தொடர்ந்தாள்.

இதில் அவள் தப்பு ஒன்றுமில்லை. அவள் வீட்டுக்காரர் நல்லசிவத்தையும் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. அவர் ஊர் வலைப்பதிவர் சங்கத்தில் உறுப்பினர். பகலில் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டிக் கம்பெனியில் ஆபீஸ் வேலை. மற்ற நேரத்தில் சுவர் விளம்பரங்களைப் போட்டோ எடுத்துத் தன் வலைப்பூவில் போடுவார். சிமென்ட், பனியன், மூல வைத்தியம். உலகத்துக்கு இதனால் நன்மையும் இல்லை, கெடுதலும் இல்லை. பெண்டாட்டி செத்த அன்று அவருக்கு அழுகை வரவில்லை. கையையும் காலையும் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவளைப் பற்றி நாலு வரி எழுதிப் போட்டார்.

சங்கத்தில் மொய்க்கு மொய். நீ எனக்குப் பின்னூட்டம் போட்டால் நான் உனக்குப் போடுவேன். படிக்க வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. பதிவு வந்த சூட்டோடு முதல் ஆளாக வருகிறவர் ராக்கியப்பன், புரோட்டாக் கடைகளைப் பற்றி எழுதுகிறவர். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் சாவு வீட்டில் பிணமாகவும் இருக்க ஆசைப்படுகிற மனுஷன். அன்றைக்கும் அவர்தான் முதலில் வந்தார்.

"அருமை. தொடருங்கள்" என்று எழுதினார்.

அவர் பின்னாலேயே சங்கம் முழுக்க வந்தது. தொடர்கிறேன். நானும் தொடர்கிறேன். கலக்கல், அடுத்த பகுதி எப்போது?

மறுநாள் காலை மின்மயான வாசலில் வண்டியை நிறுத்திவிட்டார்கள். மேற்பார்வையாளர் அர்த்தனாரி செல்போனில் நல்லசிவத்தின் பதிவைத் திறந்தபடி வந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒருமுறை பார்த்தார். இறக்கிவிட்டு ஒருமுறை பார்த்தார்.

"எறக்காதீங்க" என்றார்.

"ஏனுங்க?"

"தொடரும்னு இருக்குதுங்களே. தொடர்றதை நாங்க எரிக்கறதில்லீங்க."

"செத்துட்டாளுங்க. டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரு."

"டாக்டர் ஒருத்தருங்க. இங்க பதினோரு பேர் சொல்லியிருக்காங்க."

நல்லசிவத்துக்கு அது நியாயமாகத்தான் பட்டது. "இப்ப என்னங்க பண்றது?" என்று கேட்டார்.

"யாராச்சும் ஒருத்தர் அதை முழுசாப் படிக்கோணும். படிச்சுப்போட்டு, படிச்சேன்னு எழுதோணும். அப்ப முடிஞ்சுரும். நானே வண்டியோட வாறேன்."

"நீங்க படிக்கக் கூடாதுங்களா?"

"நான் டூட்டியில இருக்கறனுங்க."

சொந்தக்காரர்கள் கலைந்தார்கள். தொடரும் என்றால் இன்னொரு நாள் வந்துகொள்ளலாம் என்று ஒரு சித்தப்பா சொன்னார். மாலைகளை வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்து எடுத்துப் போனார்கள். வண்டிக்குள் வசந்தாமணி எழுந்து உட்கார்ந்தாள். மூக்கில் இருந்த பஞ்சை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"நாமளும் போலாமுங்க" என்றாள்.

அவள் செத்துப்போனதில் சந்தேகமே இல்லை. கை சில்லென்று இருந்தது. மூச்சு கிடையாது. ஆனால் கண் மூடவில்லை. கட்டிலில் படுக்க வைத்தால் கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, எனக்குப் படுக்கோணுமுங்க."

"படு."

"முடியலீங்க. படுத்தா, அடுத்தது என்ன, அடுத்தது என்னன்னு யாரோ கேக்கறாங்க."

நல்லசிவம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். நாலு வரிக்குக் கீழே 'முற்றும்' என்று சேர்த்தார். உடனே ராக்கியப்பன் வந்தார். "அதற்குள் முற்றுமா? இரண்டாம் பாகம் கண்டிப்பாக வேண்டும்" என்று எழுதினார். சங்கம் வழிமொழிந்தது. வசந்தாமணி கட்டிலை விட்டு எழுந்து நின்றாள். அதற்கப்புறம் அவளால் உட்காரவும் முடியவில்லை.

அவள் சமையலறை வாசலில் நின்றாள். பீரோ பக்கத்தில் நின்றாள். கால் வலிக்கிறது என்றாள். செத்த பிறகும் வலிக்குமா என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் துக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி உள்ளே மரத்துக் கிடந்தது. இவளை எப்படியாவது படுக்க வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு இருந்த நினைப்பு.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். வாடகைப் பாத்திரக் கடைக்கு மேலே உள்ள ஹால். பத்துப் பேர் ஒரே இடத்தில் இருந்தால் ஒருத்தராவது படிக்க மாட்டாரா என்று அவளையும் கூட்டிக்கொண்டு போனார்.

மாடிப்படி அன்றைக்கு நீண்டிருந்தது. முதல் திருப்பத்தில் போன மாதம் இருந்தது. அடுத்த திருப்பத்தில் அதற்கு முந்தின மாதம். அவர் போட்ட சுவர் விளம்பரங்கள் எல்லாம் தேதி வாரியாகச் சுவரில் இருந்தன. பங்குனி மாதத்துத் திருப்பத்தில் வேறொரு வசந்தாமணி உயிரோடு உட்கார்ந்து மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. இவள் நின்று அவளைப் பார்த்தாள்.

"அது நான்தானுங்களே?"

"ஆமா."

"எப்படி எளைச்சுக் கெடக்கறேன். நீங்க சொல்லவே இல்லீங்க."

"பாக்கலை" என்றார் நல்லசிவம்.

"சரி, வாங்க" என்றாள். மிளகாய் நெடியில் அவருக்குத் தும்மல் வந்தது. அவளுக்கு வரவில்லை.

ஹால் வாசலில் செயலாளர் மெய்யப்பன் இருந்தார். வலைப்பூவின் ஓரத்தில் எத்தனை பேர் வந்தார்கள் என்று ஓடுமே, அந்த வருகைக் கணக்காக அவர் போன வருஷமே மாறிவிட்டார். நெற்றியில் ஆறு இலக்கம் ஓடும். அவர் வீட்டில் பழகிக்கொண்டார்கள். வசந்தாமணி உள்ளே போனபோது எண் ஒன்று கூடியது. நல்லசிவம் போனபோது கூடவில்லை. பழைய ஆட்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ராக்கியப்பன் ஓடி வந்தார். துண்டால் வாயைப் பொத்தியிருந்தார். அவர் எப்போதும் அப்படித்தான்.

"வாங்கம்மணி, வாங்க! புதுப் பதிவருங்களா?"

"இல்லீங்கண்ணா. செத்துட்டேனுங்க."

"அருமை" என்றார் ராக்கியப்பன். மாலை போட்டுப் பொன்னாடை போர்த்தினார். எல்லோரும் கை தட்டினார்கள். குழுவாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். போட்டோவில் எல்லோரும் சிரிக்க, நடுவில் வசந்தாமணி மாலையும் பொன்னாடையுமாக நின்றாள். அவளுக்குத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள மைக் கொடுத்தார்கள். "எனக்குப் படுக்கோணுமுங்க" என்று மட்டும் சொன்னாள். அதற்கும் கை தட்டினார்கள்.

நல்லசிவம் மைக்கை வாங்கினார். அவர் இதுவரை கூட்டத்தில் பேசியதில்லை.

"நாலே வரிங்க. யாராச்சும் ஒருத்தர் படிங்க. காசு பணம் கேக்கலை. படிச்சா இவ படுத்துக்குவா."

ஹாலில் எல்லோரும் செல்போனை எடுத்தார்கள். சட்டென்று பல "அருமை"கள் விழுந்தன. வசந்தாமணி குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நின்றாள். இன்னும் ஒன்று விழுந்தால் தரையை விட்டே எழும்பிவிடுவாள் போலிருந்தது.

"எழுதாதீங்க!" என்று நல்லசிவம் கத்தினார். "படிங்க!"

"இதென்ன பெரிய வேலை, கொண்டாங்க" என்று ராக்கியப்பன் முன்னால் வந்தார். அவர் விரல் திரையில் பட்டதும் பதிவு சரசரவென்று கீழே இறங்கியது. நாலு வரி நாற்பதாயிற்று. நாற்பது நானூறாயிற்று. அவர் இழுக்க இழுக்கப் பதிவு இறங்கிக்கொண்டே இருந்தது. இட்லி வந்தது, சாப்பிட்டார்கள். ராக்கியப்பன் சாப்பிடவில்லை. கட்டை விரல் சிவந்து போயிற்று. கடைசியில் பின்னூட்டப் பெட்டி வந்தது. அவர் அங்கே நின்றார்.

"என்ன எழுதியிருக்குதுங்க?" என்று கேட்டார் நல்லசிவம்.

"தெரியலீங்க. எனக்குப் பெட்டி மட்டுந்தான் கண்ணுக்குத் தெரியுது." ராக்கியப்பன் துண்டை எடுத்துப் பிழிந்தார். தரையில் தண்ணீர் விழுந்தது. "தப்பா நெனைக்காதீங்க நல்லசிவம். நான் யாரையும் படிச்சதில்லீங்க."

"என்னையுமா?"

"உங்களை மொதல்ல படிக்காம வுட்டுட்டுத்தான் மத்தவங்களைப் படிக்காம வுடுவேன். நீங்க என்னையப் படிச்சிருக்கீங்களா?"

நல்லசிவம் யோசித்தார். புரோட்டா ஞாபகம் வந்தது.

"எம்பட பெரிய பையன் சண்டை போட்டுட்டு வீட்டை வுட்டுப் போனானுங்களே. அதை எழுதினேன். நீங்க 'நாவில் நீர் ஊறுகிறது'ன்னு போட்டீங்க."

"பையன் வந்துட்டானுங்களா?"

"வரலீங்க. ஊறுறது மட்டும் நிக்கலே." ராக்கியப்பன் துண்டை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார்.

ஹாலில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இட்லித் தட்டைப் பார்த்தார்கள்.

"அதை இப்படிக் கொண்டாங்க" என்றாள் வசந்தாமணி. "நான் படிக்கறேன்."

"நீயா?"

"ஏன், நான் ஆறாவது வரைக்கும் போயிருக்கறனுங்க."

செத்தவர்கள் படிக்கக் கூடாது என்று சங்கத்தில் விதி இல்லை. உயிரோடு இருந்தபோது அவள் அவருடைய வலைப்பூவைப் படித்ததே கிடையாது. அவர் காட்டியதும் கிடையாது. அவள் செல்போனை வாங்கிக் கையை நீட்டி, கண்ணுக்கு எட்டத்தில் பிடித்துக்கொண்டாள். அவள் கையில் பதிவு நாலு வரியாகவே நின்றது. ஒவ்வொரு வார்த்தைக்கும் விரல் வைத்து, கடைத்தெருவில் போர்டு படிப்பதைப் போலச் சத்தமாகப் படித்தாள்.

"'என் கையைப் பற்றிக்கொண்டாள். உங்களைத் தனியாக விட்டுப் போகிறேனே என்று கண் கலங்கினாள்.'" நிமிர்ந்தாள். "இது யாருங்க?"

"நீதான்."

"நான் அப்படிச் சொல்லலீங்களே. 'ஃபேனைக் கொறைங்க, குளுருது'ன்னுதானே சொன்னேன்."

"ஆமா."

"நீங்க 'இரு'ன்னீங்க."

"ஆமா. ராக்கியப்பனுக்குப் பின்னூட்டம் போட்டுட்டு இருந்தேன்."

"அப்பறம் கொறைச்சீங்களா?"

"குறைச்சேன். குறைச்சுட்டுத்தான் திரும்பிப் பாத்தேன்."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா வேற யாரோ செத்த மாதிரி இருக்குது. அவங்க செத்ததுக்கு நான் எப்படிங்க படுக்கறது?" என்றாள்.

நல்லசிவம் செல்போனை வாங்கினார். நாலு வரியையும் அழித்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மறுபடி எழுதினார். இந்தத் தடவை இரண்டு வரிதான் வந்தது. ஃபேனைக் குறைக்கச் சொன்னாள். நான் இரு என்றேன். இதை வாசகன் ரசிக்க மாட்டான் என்று அவருக்குத் தெரிந்தது. வெளியிட்டார்.

ராக்கியப்பனின் விரல் தானாகப் பெட்டிக்குப் போனது. அவர் அந்த விரலை இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் தங்கள் தங்கள் விரல்களைப் பிடித்துக்கொண்டார்கள்.

வசந்தாமணி படித்தாள். முடித்துவிட்டு இன்னொரு தரம் படித்தாள்.

"ஆமாங்க. இது நானுங்க" என்றாள்.

பின்னூட்டப் பெட்டியில் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தினாள். 'படிச்சேன்' என்று எழுதினாள். அவ்வளவுதான். சங்கம் ஆரம்பித்த நாளிலிருந்து அப்படி ஒரு பின்னூட்டம் யாருக்கும் வந்ததில்லை. மெய்யப்பன் நெற்றியில் எண்கள் நின்றுவிட்டன. வசந்தாமணியின் குதிகால் தரையில் பட்டது. முட்டி மடங்கியது. நாலு நாற்காலிகளை ராக்கியப்பன் அவசரமாகச் சேர்த்துப் போட்டார். அவள் படுத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

அர்த்தனாரி வாசலில் நின்றார். அவர் எப்போது வந்தார் என்று யாரும் கேட்கவில்லை. கீழே வண்டி உறுமிக்கொண்டிருந்தது.

"எடுத்துரலாமுங்களா?"

"ஒரு நிமிஷமுங்க" என்றார் நல்லசிவம். "பதில் போட்டுறேன்."

பின்னூட்டம் போட்டவருக்குப் பதில் போடாவிட்டால் மரியாதை இல்லை. எத்தனையோ பேருக்கு அவர் போட்டிருக்கிறார். யோசிக்க வேண்டியதில்லை. விரல் தானாக ஓடியது. 'தங்கள் வருகைக்கும் கருத்துக்கும் மிக்க நன்றி. மீண்டும் வருக.'

அர்த்தனாரி அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"கடைசி ரெண்டு வார்த்தை வேண்டாமுங்க."

"வழக்கமுங்க."

"தெரியுமுங்க. ஆனா போட்டீங்கன்னா வந்துருவாங்க."

நல்லசிவம் அவளைப் பார்த்தார். பொன்னாடை கழுத்து வரை இருந்தது. பாதங்கள் நாற்காலிக்கு வெளியே நீண்டிருந்தன. பாத விளிம்பில் பழைய பித்தவெடிப்பு. அவளுக்கு அது இருப்பது அவருக்கு இப்போதுதான் தெரியும். போட்டால் வருவாள். வந்து பீரோ பக்கத்தில் நிற்பாள். ஏதாவது கேட்பாள். இந்தத் தடவை அவர் உடனே எழுந்து ஃபேனைக் குறைப்பார். அவளுக்குக் கால் வலிக்கும்.

ஹாலில் எல்லோரும் அவரவர் விரலைப் பிடித்தபடி காத்திருந்தார்கள்.

அவர் கடைசியிலிருந்து அழிக்க ஆரம்பித்தார். புள்ளி போயிற்று. 'வருக' போயிற்று. 'மீண்டும்' என்பதில் ஒவ்வொரு எழுத்தாகப் போய் 'மீ' மட்டும் நின்றது. அவர் விரல் அழிக்கும் பொத்தானுக்கு மேலேயே நின்றது. அப்போதுதான் வலிக்க ஆரம்பித்தது. எங்கே என்று அவரால் சொல்ல முடியவில்லை.

"நேரமாகுதுங்க" என்றார் அர்த்தனாரி, மெதுவாக.

அதையும் அழித்தார். நன்றியை மட்டும் அனுப்பினார்.