ஒன்றரை பவுண்டு விசை

மைட்டே அந்தத் துப்பாக்கியை வாங்கியபோது கடையில் இருந்தவற்றிலேயே அதுதான் லேசானது. தோளில் சாய்த்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கட்டை, ஒல்லிக் குழல், மொத்தம் ஆறு பவுண்டுகூட இல்லை. எட்டு இலையுதிர் காலங்கள் அதைச் சுமந்து சாமன் நதிக்கு மேலே இருக்கும் மலைகளில் எல்க் மான் வேட்டைக்குப் போனாள். அத்தனை வருஷத்தில் ஒரு திருகைக்கூட மாற்றவில்லை.

ஒன்பதாவது வருஷம் ஏப்ரலில் பார்சல்கள் வர ஆரம்பித்தன.

முதலில் கட்டையை மாற்றினாள். பழையதைக் கழற்றிவிட்டு, கார்பன் இழையில் செய்த புதிய கட்டையில் துப்பாக்கியை உட்கார வைத்தாள். அதில் அரை பவுண்டு குறைந்தது. துப்பாக்கி லேசாக ஆக ஆக, தோளில் விழும் உதை பலமாகும். அதனால் குழலின் முனையில் பக்கவாட்டுத் துளைகள் கொண்ட பிரேக் ஒன்றைத் திருகினாள். வெடிக்கும் வாயு அந்தத் துளைகள் வழியே பக்கங்களில் பீறிட்டுப் போக, உதை பாதியானது. சத்தம் மட்டும் பயங்கரமாகக் கூடியது. பிறகு, தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டின் கைப்பிடிக்குப் பெரிய குமிழ் ஒன்று வந்தது.

பக்கத்துத் தெருவில் இருந்த தங்கை நெக்கானே, காபி குடிக்க வரும்போதெல்லாம் துப்பாக்கி பிரித்துக் கிடக்கும் மேஜையைப் பார்த்துச் சிரிப்பாள்.

"துப்பாக்கிய ரிப்பேர் பண்றியா, கல்யாணப் பொண்ணு மாதிரி சிங்காரிக்கிறியா? வாரம் ஒரு பார்சல். கொரியர்காரன் உன்னத்தான் சுத்தறான்னு ஊரே பேசுது."

"அவனுக்கு இருபத்தஞ்சு வயசுடி."

"அதனாலென்ன? கட்டைய மாத்திக்கிட்டா நீயும் இருபத்தஞ்சுதான்."

"பழைய பிளாஸ்டிக் வளையுது. பை மேல வச்சு சுட்டா குழல்ல இடிக்குது" என்றாள் மைட்டே. அது உண்மைதான். ஆனால் அதுவல்ல காரணம்.

மார்ச்சில் அவள் கையிலிருந்து ஒரு கோப்பை நழுவியது. அப்புறம் சட்டைப் பொத்தான்கள் சண்டித்தனம் செய்தன. வலது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருந்த சதை, யாரோ கரண்டியால் வழித்தெடுத்த மாதிரி குழிந்துவிட்டது. பாய்ஸி ஆஸ்பத்திரியில் ஊசி குத்திப் பார்த்த மருத்துவர், ஒரு பெட்டி டிஷ்யூ காகிதத்தை அவள் பக்கம் நகர்த்திவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தார். தசைகள் ஒவ்வொன்றாகக் கைவிடும். இரண்டு வருஷம் இருக்கலாம், நான்கும் இருக்கலாம். மருந்து என்று பெரிதாக ஒன்றுமில்லை.

நெக்கானேயிடம் அவள் சொல்லவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்புதான் தங்கையின் புருஷனைப் புதைத்திருந்தார்கள். இந்த ஒரு வேட்டை முடியட்டும் என்று மைட்டே தள்ளிப்போட்டாள்.

கடைசியாக மாற்றியது விசை. கம்பெனி விசையை இழுக்க ஐந்து பவுண்டு அழுத்தம் வேண்டும்; ஆகஸ்டில் அது அவள் விரலுக்கு முடியாமல் போனது. புதிய விசையோடு வந்த தாளில், இரண்டு பவுண்டுக்குக் கீழே இறக்காதீர்கள் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அவள் ஒன்றரைக்கு இறக்கினாள். தோட்டா இல்லாமல் போல்ட்டைப் பத்து தடவை ஓங்கி மூடிப் பாருங்கள், விசை தானாக நழுவக்கூடாது என்றும் இருந்தது. மூடிப் பார்த்தாள். பத்து தடவையும் நழுவவில்லை. ஓங்கி மூடுவதற்கு அந்தக் கையில் வலு இல்லை என்பது அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

அக்டோபர் மூன்றாவது வாரம். பழைய மரம்வெட்டிப் பாதையில் அக்காவும் தங்கையும் வழக்கமாக ஒன்றரை மணி நேரம் ஏறுவார்கள். அன்று இரண்டே முக்கால் ஆனது. நெக்கானே நான்கு முறை நின்று காத்திருந்தாள்.

"என்னக்கா, கிழவியாயிட்டியா?"

"பூட்ஸ் கடிக்குது."

உச்சிக்குக் கீழே, சரிவைப் பார்த்து இருவரும் குப்புறப் படுத்தார்கள். மைட்டே பையின் மேல் துப்பாக்கியைச் சாய்த்திருந்தாள். வலப்பக்கத்தில் நெக்கானே தொலைநோக்கியோடு இருந்தாள். காதடைப்பான்கள் இருவர் கழுத்திலும் தொங்கின. சுடுகிறவள் "காது" என்று சொன்னதும் மாட்டிக்கொள்வது அவர்கள் வழக்கம்.

பதினொரு மணிக்கு எதிர்ச் சரிவின் ஆஸ்பென் மரங்களிலிருந்து ஒரு ஆண் எல்க் வெளியே வந்தது. பெரியது. முன்னூறு கஜம் இருக்கும்.

"உன்னோடதுதான்" என்று நெக்கானே கிசுகிசுத்தாள். "மெதுவா."

மைட்டே போல்ட்டைத் தள்ளினாள். தோட்டா பாதி நுழைந்து நின்றது. குளிரில் விரல்கள் மரக்குச்சிகளாக இருந்தன. குமிழை உள்ளங்கையால் அழுத்தினாள். கீழே இறங்கவில்லை. இன்னொரு தடவை அழுத்தினாள்.

"என்னாச்சு?"

"இரு."

"போயிடும்க்கா. குடு, நான் மூடறேன்."

நெக்கானே அவள்மேல் சாய்ந்து, கையை நீட்டி, போல்ட்டை ஒரே தட்டில் அறைந்து மூடினாள்.

துப்பாக்கி வெடித்தது.

குண்டு எங்கோ பாறையில் பட்டு மண்ணைக் கிளப்பியது. மான் இரண்டே தாவலில் மறைந்தது. மைட்டேயின் தலைக்குள் ஒரே கூவல். திரும்பிப் பார்த்தபோது நெக்கானே இடது காதைப் பொத்திக்கொண்டு முழங்காலிட்டிருந்தாள். குழல் முனையிலிருந்து பீறிட்ட வாயு அவள் தலைப்பக்கமாகத்தான் போயிருந்தது. விரல்களுக்கிடையில் ரத்தம் மெல்லியதாக வழிந்தது. எழுந்து நிற்கப் பார்த்தாள். உலகம் சுழல, அப்படியே உட்கார்ந்து வாந்தியெடுத்தாள்.

இறங்க நாலு மணி நேரமானது. தடுமாறிய தங்கையை, கையில் வலுவில்லாத அக்கா தோளால் முட்டுக்கொடுத்து இறக்கினாள்.

மைட்டேதான் வண்டியை ஓட்டினாள். ஸ்டியரிங்கை இடது கையால் பிடித்துக்கொண்டு, சாலையையே பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னாள். தாளில் போட்டிருந்ததை, ஒன்றரைக்கு இறக்கியதை, கோப்பை விழுந்ததை, ஊசிகளை, இரண்டு வருஷம் நான்கு வருஷம் என்றதை. சொல்லி முடித்தபோது கன்னம் நனைந்திருந்தது. பதில் வரவில்லை.

வலப்பக்க இருக்கையில் நெக்கானே ஜன்னலில் தலை சாய்த்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளது அடிபட்ட இடது காதுதான் மைட்டே பக்கம் இருந்தது.

மைட்டே வண்டியை ஓரம் கட்டினாள். தங்கையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, மறுபடி முதலிலிருந்து சொன்னாள். இரண்டாவது தடவை சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது.

நெக்கானே அவள் உதடுகளையே பார்த்திருந்தாள். பிறகு அவளது வலது கையை எடுத்துத் திருப்பி, குழிந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள்.

"ஏப்ரல்லேர்ந்தா?"

"மார்ச்."

"தினமும் உன் வீட்டுல காபி குடிச்சேனே" என்றாள். தன் குரலே சரியாகக் கேட்காததால் சத்தமாகச் சொன்னாள். "கொரியர்காரன வச்சு ஜோக்கடிச்சேனே. நீ சிரிச்சியே."

"உன்ன மறுபடி அழ வைக்க வேணாம்னு..."

"காது போனது பரவாயில்ல. மலையில உன்னப் பாத்து கிழவியான்னு என்னக் கேக்க வச்ச பாரு. அத நான் எங்க கொண்டு வைக்கறது?" கையை விட்டாள். "ஓட்டு."

நெக்கானேயின் செவிப்பறை பாதிதான் ஆறியது. இடது காதில் எந்நேரமும் ஒரு இரைச்சல் தங்கிவிட்டது. நவம்பர் முழுக்க அவள் மைட்டே வீட்டுக்கு வரவில்லை. டிசம்பரில் மைட்டே குளியலறையில் விழுந்தபோது வந்தாள். வந்தவள் திரும்பிப் போகவில்லை; துணிகளை எடுத்து வந்து பின்னறையில் அடுக்கினாள். மன்னித்துவிட்டதாக அவள் சொல்லவில்லை. மைட்டேயும் கேட்கவில்லை.

மே மாதத்தில் நோய் நாக்குக்கு வந்தது. மைட்டேயின் குரல் நாளுக்கு நாள் இறங்கி, சொற்கள் குழையத் தொடங்கின. அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டால் நெக்கானேவுக்குக் கேட்காது. அதனால் அவள் எந்த வேலையையும் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். பீன்ஸ் உரிப்பதுகூட அங்கேதான். மைட்டேயின் உதடு அசையும்போதெல்லாம் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, வலது காதை அவள் வாயருகே கொண்டுபோய், "திரும்பச் சொல்லு" என்பாள்.