காலியான ஒரு மணி நேரம்

அரசு அலுவலகங்களின் வேலை நேரத்தை மாலை ஆறு மணி வரை நீட்டியபோது, ஊழியர்களின் வீடுகளில் ஐந்து முதல் ஆறு வரை காலியாகிப்போன நேரத்துக்கு ஆள் போட்டார்கள். கருவூலத்தில் கணக்கராக இருந்த தாட்சாயணியின் வீட்டுக்கு எஸ்தர் வந்தாள். தாட்சாயணியின் கணவருக்கு ஓசூரில் வேலை. அதனால் அந்த ஒரு மணி நேரமும் எஸ்தர்தான் நறுமுகைக்கு அம்மா. ஆறு அடித்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவாள்.

நறுமுகை அப்போது ஒன்றாம் வகுப்பு. அவள் ஐந்தாம் வகுப்புக்கு வந்த வருஷம் சங்கங்கள் போராடி ஜெயித்தன. பழைய நேரமே திரும்பி வந்தது. அலுவலகத்தில் லட்டு கொடுத்தார்கள். தாட்சாயணி தன் லட்டைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வெயில் இருக்கும்போதே பஸ் ஏறினாள்.

வீட்டில் எஸ்தர் நறுமுகைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். தாட்சாயணியைப் பார்த்ததும் எழுந்தாள்.

"ஆர்டர் வந்துடுச்சாக்கா?"

"வந்துடுச்சு. இன்னையிலேர்ந்தே."

"அப்ப நான் கிளம்பறேன். ஒரு பக்கம் பின்னிட்டேன். இன்னொரு பக்கத்தை நீங்க போட்டுடுங்க."

அவள் போனபிறகு தாட்சாயணி சீப்பை எடுத்தாள். நறுமுகை தள்ளி உட்கார்ந்தாள். கோபமாக இல்லை. பஸ்ஸில் தெரியாதவருக்கு இடம் விடுகிற மாதிரி.

"நான்தான்டி, அம்மா."

"நீங்க ஆறு மணிக்கு மேலதானே அம்மா?" என்றாள் நறுமுகை, மரியாதையாக.

லட்டை வாங்கி ஓரமாக வைத்தாள். மீதிப் பக்கத்தைத் தானே பின்னிக்கொண்டாள். ஆறு அடித்ததும் அவள் ஓடிவந்து மடியில் விழுந்தாள்.

"அம்மா, எப்ப வந்தே?"

"இப்பதான்" என்றாள் தாட்சாயணி.

மறுநாள் ஐந்து மணிக்குத் தாட்சாயணி அலுவலக நாற்காலியை விட்டு எழுந்தாள். எஸ்தர் வந்து அதில் உட்கார்ந்தாள். இப்போது காலியானது அலுவலகத்து நேரம். அதற்கும் ஆள் போட்டாக வேண்டும்.

வீட்டுக்கு வந்து, எஸ்தர் அலுவலகத்தில் இருக்கும் விஷயத்தைச் சொன்னதும் நறுமுகை பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"நான் அங்க போய் வீட்டுப்பாடம் எழுதிட்டு வர்றேன்."

தாட்சாயணி பஸ் நிறுத்தம் வரை கூடப் போனாள்.

"என் மேஜைப் பக்கத்து ஃபேன் சுவிட்ச் ஷாக் அடிக்கும். எஸ்தரைப் பென்சிலால தட்டச் சொல்லு."

"சொல்றேங்க."

பஸ் போனபிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். திரும்பி வந்து, விளக்கைப் போடாமல் கூடத்தில் உட்கார்ந்தாள். இந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் கொடி பிடித்து வெயிலில் நின்றிருந்தாள். 

கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தாள். வெளியே முன்பின் தெரியாத ஒரு பெரியவர். அறுபது வயதுக்கு மேலிருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே வந்து அவள் முகத்தையே பார்த்தார்.

"இன்னைக்காவது சீக்கிரம் வந்தியேம்மா" என்றார். "பசிக்குது."

தாட்சாயணி விளக்கைப் போட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு அடிக்க இன்னும் நேரம் இருந்தது.

"கை கால் கழுவிட்டு வா கண்ணு. தோசை ஊத்தறேன்."