சொந்தத்துக்குள் ஏது கமிஷன்?

நாத்தனார் ஸ்டூல் மேல் ஏறி நின்று ஜன்னல் திரைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தாள். எந்த வீட்டில் என்கிறீர்கள்? நான் அலைந்து திரிந்து அவளுக்குப் பிடித்துக் கொடுத்த வீட்டில். விலை இன்னும் முடியவில்லை என்று நம்பி, கூரையைப் பார்க்க ஒரு கொத்தனாரை நான் கூட்டிக்கொண்டு போன வீட்டில்.

"வாங்க அண்ணி! நேத்தே முடிஞ்சிடுச்சு. உங்களுக்குப் போன் பண்ணணும்னுதான் இருந்தேன்" என்றாள், இறங்காமலே.

வீடு வாங்குகிறவர்கள் பக்கம் நின்று வேலை பார்க்கும் தரகர் நான். முதல் வீட்டைக் காட்டுவதற்கு முன்பே ஒப்பந்தம் போட்டுவிடுவேன். நான் காட்டிய வீட்டை நேராகவோ வேறு யார் மூலமாகவோ வாங்கினாலும், வாங்குகிறவர் எனக்குக் கமிஷன் தர வேண்டும். நாத்தனாரும் கையெழுத்துப் போட்டாள். "நமக்குள்ள இதெல்லாம் எதுக்கு அண்ணி?" என்று சிரித்துக்கொண்டே போட்டாள்.

அப்புறம் வெயில் காலம் முழுக்க அவளைக் காரில் ஏற்றி இறக்கினேன். ஒரு வீட்டில் சமையலறை இருட்டு, இன்னொன்றில் பக்கத்து வீட்டு நாய் முறைக்கிறது. இந்த வீட்டில் அலமாரியை நகர்த்தி, பின்னால் சுவர் ஊறிப்போயிருப்பதைக் கண்டுபிடித்ததும் நான்தான்.

"எப்படி முடிச்சே?"

"நேரா வீட்டுக்காரர்கிட்டயே போயிட்டேன். அந்த ஈரச் சுவரைக் காட்டினேன், மனுஷன் மளமளன்னு இறங்கி வந்துட்டாரு!"

"என்கிட்ட கையெழுத்துப் போட்டியே?"

"ஐயோ அண்ணி, சொந்தத்துக்குள்ள ஏது கமிஷன்? அண்ணன்கிட்ட கேட்டுட்டுத்தான் செஞ்சேன். 'அவ ஒண்ணும் நெனைக்க மாட்டா, நீ பண்ணு'ன்னாரு."

பின்னால் நின்ற கொத்தனார் தொண்டையைச் செருமினார். "அம்மா, நான் வந்த கூலியை யார் தருவீங்க?"

நாத்தனார் சட்டென்று இறங்கி பர்ஸைத் திறந்தாள். "இந்தாங்க. பாவம், வேலையை விட்டுட்டு வந்திருக்கீங்க."

எனக்கு உச்சி வரை எரிந்தது. கூரையை அண்ணாந்துகூடப் பார்க்காதவருக்குக் கூலி. எனக்கு உறவு!

வீட்டில் கணவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டேன்.

"நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"அவ கடன் வாங்கி வீடு வாங்குறா. தங்கச்சிகிட்ட போய்க் காசு கேட்டா நல்லாவா இருக்கும்? நீயும் பொழுது போகணும்னுதானே இந்த வேலைக்குப் போறே?"

"உங்க ஆபீசுக்கு உங்க மாமா ஏதாவது வேலையா வந்தா, அந்த மாசச் சம்பளம் வேண்டாம்னு எழுதிக் கொடுப்பீங்களா?"

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "சரி விடு. எவ்வளவுன்னு சொல்லு, நானே தந்துடறேன்."

அதுதான் என்னை இன்னும் கொதிக்க வைத்தது. "நம்ம வீட்டுக் காசை ஒரு பையிலேருந்து எடுத்து இன்னொரு பையில போடறதுக்குப் பேர் கமிஷனா? வேலை பார்த்தது அவளுக்கு. அவ கையாலதான் வரணும்."

"தரலைன்னா?"

"மத்தவங்களுக்குப் போற மாதிரி அவளுக்கும் நோட்டீஸ் போகும்."

"கூடப் பொறந்தவளுக்கா?"

"உங்க கூடப் பொறந்தவ. என் வாடிக்கையாளர்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கல்யாணமான புதிதில் என் பேச்சைக் கேட்க இப்படித்தான் நிற்பார், பதில் தேடாமல். பிறகு போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணியோட கமிஷனைக் கொடுத்துடும்மா."

"என்னண்ணா இது? அண்ணி தூண்டிவிட்டாங்களா?"

"இல்லம்மா. என்னுது இல்லாத காசை நான்தான் தாராளமா உனக்குத் தூக்கிக் கொடுத்துட்டேன். தப்பு என்மேல."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். "அப்ப கொஞ்சம் குறைச்சுக்கவாவது சொல்லுங்க."

அவர் போனை என்னிடம் நீட்டினார்.

"குறைக்கிறதைப் பத்தி என்கிட்ட கேளு" என்றேன். "அண்ணன் வழியா வேண்டாம். நாளைக்கு என் ஆபீசுக்கு வா."



"எத்தனை மணிக்கு வரட்டும், அண்ணி?" என்றாள். இத்தனை நாளில் அவள் என்னிடம் நேரம் கேட்டது அதுவே முதல் முறை.