முதல் மதிப்பெண் வாங்கிய மூளைப் படம்

எங்கள் ஊரில் பிள்ளைகள் பள்ளிக்குப் போவதில்லை. அவர்களுடைய மூளைப் படம்தான் போகிறது. பிள்ளை என்றால் இருமும், கேள்வி கேட்கும், பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளும். படத்துக்கு அந்தப் புத்தியெல்லாம் கிடையாது. காலையில் கண்ணாடியைத் துடைத்து வேனில் ஏற்றிவிட்டால், மாலையில் வீட்டுப்பாடத்தோடு வந்து சேரும்.

என் மகள் பூவிழி துறுதுறுவென்று இருப்பாள். ஒரு வாய் சோற்றுக்கும் மறு வாய்க்கும் நடுவில் மாடிக்குப் போய்வந்துவிடுவாள். இவளைப் போன்றவர்களுக்குக் கவனம் நிற்க ஒரு மாத்திரை உண்டு. மாத்திரைக்கு முன் ஒரு படம், பின் ஒரு படம் எடுத்து, மூளையில் கவனத்துக்கான இடம் சிவக்கிறதா என்று பேராசிரியர் அம்பலவாணன் பார்ப்பார். சிவந்தால் படத்துக்குப் பள்ளியில் இடம். சிவக்காவிட்டால் பிள்ளையை வீட்டில் வைத்து அழ வேண்டியதுதான்.

பூவிழியின் இரண்டு படங்களும் சாம்பலாகவே இருந்தன. பேராசிரியரிடம் ஓடினேன்.

“மாத்திரை கேக்குது சார். நேத்து ஒரு கதையை முழுசாப் படிச்சு முடிச்சா.”

“பொண்ணைப் பத்தி யார் கேட்டா? படத்தைப் பத்திப் பேசுங்க,” என்றார். பல வருடங்களாகப் பிள்ளைகளின் மூளையை ஆராய்கிறவர். பிள்ளைகளைப் பார்க்கத்தான் அவருக்கு நேரம் கிடைத்ததில்லை.

அந்த வாரம் ஆயுத பூஜை வந்தது. ஸ்கேன் மையத்தில் வேலை பார்க்கும் செங்கமலம் எந்திரத்துக்கும் நாற்காலிக்கும் மேஜைக்கும் குங்குமம் வைத்தாள். மேஜைமேல் அடுக்கியிருந்த படங்களில் மேலாக இருந்தது பூவிழியின் இரண்டாவது படம். அதற்கும் ஒன்று வைத்தாள்.

மறுநாள் பேராசிரியர் அதை வெளிச்சத்தில் பிடித்தார். நடு நெற்றியில் செக்கச்செவேலென்று ஒரு புள்ளி.

“மாத்திரை வேலை செய்யுதுய்யா!” என்று கத்தினார். எந்திரத்தின் நெற்றியிலும் அதே சிவப்பு இருந்ததை அவர் கவனிக்கவில்லை. கவனம் என்பது அவர் ஆராயும் பொருள், அவ்வளவுதான். குங்குமம் என்று எனக்கும் தெரியும், செங்கமலத்துக்கும் தெரியும். இடம் கிடைக்கிற நேரத்தில் எந்த அப்பன் வாயைத் திறப்பான்?

படம் பள்ளியில் சேர்ந்தது. ஆடாமல் அசையாமல் படித்து முதல் மதிப்பெண் வாங்கியது. ஆண்டு விழாவில் தலைமையாசிரியை அதற்குச் சம்பங்கி மாலை போட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாலையோடு கொண்டுவந்து கூடத்தில் மாட்டினோம். என் மனைவி கோமதி அதன் முன்னால் ஒரு விளக்கேற்றி வைத்தாள்.

பொட்டும் மாலையும் விளக்குமாக ஒரு வீட்டில் படம் மாட்டியிருந்தால் எங்கள் ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்கள். பேராசிரியரும் வந்தார்.

“நிமிஷம் ஒரு இடத்துல நிக்காதே அந்தப் புள்ள,” என்று எதிர்வீட்டு இந்திராணி அக்கா மூக்கைச் சிந்தினார்.

பூவிழி எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. பிறகு பெண்களோடு பாயில் உட்கார்ந்து, மடியில் கையை வைத்துக்கொண்டு படத்தையே பார்த்தாள். அத்தனை கவனமாக அவள் எதையும் பார்த்ததில்லை.

“சார், இவளைக் கொஞ்சம் பாருங்க,” என்றேன்.

பேராசிரியர் படத்தைப் பார்த்துத் தலையசைத்தார்.

துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேசாமல் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். பூவிழியும் பேசாமல் எழுந்து, வாசலில் தன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, அவர்களோடு போனாள்.

காலையில் கோமதி படத்துக்குத் தலை வாரிவிட்டாள். வேன் சரியான நேரத்துக்கு வந்தது.